டிபிஎஃப் அடைத்துக்கொண்டால் எதை வாங்குவது? கம்பெனி பெட்டி முதல் கழுவி மாட்டுவது வரை, மலை ஓட்டக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றும் பிக்கப்காரர். இன்னொருவர் கோத்தகிரிப் பக்கம் பச்சைத்தேயிலை எடுக்கும் வண்டி வைத்திருக்கிறார். மற்ற இருவரும் ஊட்டியில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள். டீசல் வண்டிக்காரர்கள் மூன்று பேருக்கும் ஒரே கதைதான்: செக் என்ஜின் லைட் எரிகிறது, மேட்டில் வண்டி இழுக்கவில்லை, பட்டறையில் ஸ்கேனர் போட்டுவிட்டு "டிபிஎஃப் போச்சுண்ணா" (புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) என்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அப்புறம் ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். ஷோரூமிலேயே வாங்கு என்கிறார் ஒருவர், கோயம்புத்தூரில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் இன்னொருவர், கழுவினாலே போதும் என்று ஒரு பேச்சு, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு என்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பை (சாஃப்ட்வேர் அமைப்பை) மாற்றிக்கொள் என்று இன்னொரு பேச்சு.

நானும் குன்னூரில் பிஎஸ்6 (2020-ல் வந்த புகை விதி) டீசல் பிக்கப் ஒன்று வைத்து ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் சில வருடம் மேட்டுப்பாளையத்தில் ஸ்பேர்ஸ் கடை கவுண்டரில் நின்றிருக்கிறேன், அதனால் விற்கிற பக்கமும் வாங்குகிற பக்கமும் தெரியும். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விலை அதிகமானது டிபிஎஃப்தான் என்பதால் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பிவிடுவது), டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), பெட்ரோல் வண்டியின் கேட்டலிடிக் கன்வெர்டர் (புகையின் நச்சைக் குறைப்பது) எல்லாம் வர வேண்டிய இடத்தில் வரும்.

## எதைப் பார்த்து எடைபோடுகிறேன்

விலையை நான் கடைசியில்தான் வைக்கிறேன். முதலில் பார்ப்பது, பழைய சாமான் ஏன் போனது என்பதை. டிபிஎஃப் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம், பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கும். இரண்டாவது, உங்கள் வண்டி எந்த ரூட்டில், எந்தப் பக்கம் லோடோடு ஓடுகிறது. மூன்றாவது, புதுச் சாமானை வண்டியின் ஈசிஎம் (என்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) ஏற்றுக்கொள்ளுமா, அதற்கு என்னென்ன வேலை செய்ய வேண்டும். நாலாவது, வண்டி எத்தனை நாள் நிற்கும். ஐந்தாவது, வாரண்டி, எஃப்சி (தகுதிச் சான்று), சட்டம். இவ்வளவுக்கும் பிறகுதான் பில் தொகை.

முதல் இரண்டும் மலையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டிபிஎஃப் என்பது கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி. உள்ளே தேன்கூடு மாதிரி செராமிக் கட்டி, அதன் கண்கள் ஒன்றுவிட்டு ஒன்று அடைத்திருக்கும். புகை ஒரு கண்ணில் நுழைந்து, சுவரின் நுண்துளை வழியாகப் பக்கத்துக் கண்ணுக்குப் போய் வெளியேறும், கரி சுவரில் தங்கிவிடும். தங்கியதை எரித்தாக வேண்டும். லோடோடு மேடு ஏறும்போது புகைக்குழாய் நன்றாகச் சூடேறுவதால் கரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக எரியும். அந்தச் சூடு கிடைக்காத வண்டியில் ஈசிஎம் கூடுதலாக டீசல் அடித்து, டிபிஎஃப்பை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரிக்கும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். அது முழுசாக முடிய, வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும்.

இப்போது நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். கேரட் வண்டி லோடோடு இறங்குகிறது, காலியாக ஏறுகிறது. இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் வரும்போது இன்ஜெக்டர் டீசலே விடுவதில்லை, வெறும் காற்றுதான் என்ஜினுக்குள் போய் வெளியே வருகிறது, அந்தக் காற்று டிபிஎஃப்பைக் குளிரவைக்கிறது. திரும்பி ஏறும்போது ஓரளவு சூடு கிடைக்கும், ஆனால் முதுகில் பாரம் இல்லை. அரிசியும் சிமெண்டும் ஏற்றி மேலே வருகிற வண்டிகளுக்கு நேர் எதிர், ஒவ்வொரு ட்ரிப்பிலும் பர்லியாரிலிருந்து குன்னூர் வரை டிபிஎஃப் நன்றாக வெந்துவிடும். அவர்களிடமிருந்து இந்தப் புகார் எனக்கு அதிகம் வருவதில்லை.

பச்சைத்தேயிலை வண்டியின் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு தோட்டத்து முக்கிலும் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டபடியே மூட்டையை எடை போட்டு ஏற்றி, அரை கிலோமீட்டர் நகர்ந்து, மறுபடி நிறுத்தம். ரீஜென் ஆரம்பிக்கும், முடியாது, மறுபடி ஆரம்பிக்கும். இதில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் கால் மணி நேரம் ஐடிலில் விட்டு என்ஜினைச் சூடாக்குகிற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பழைய என்ஜினுக்கு அது பழக்கமாக இருந்திருக்கலாம், பிஎஸ்6 வண்டிக்கு அது கரி சேர்க்கும் வேலை மட்டுமே. ஒரு நிமிஷம் விட்டுவிட்டு மெதுவாக ஓட்ட ஆரம்பித்தால் போதும்.

காற்றும் மேலே மெல்லியது. ஊட்டி உயரத்தில் கடல் மட்டத்தைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். டர்போவின் காற்றை என்ஜினுக்குக் கொண்டுபோகும் இன்டர்கூலர் ஹோஸில் ஒரு விரிசல் இருந்தால் கோயம்புத்தூரில் தெரியாது, லவ்டேல் மேட்டில் கருப்புப் புகையாகத் தெரியும்.

என் வண்டியில் நடந்தது இதுதான். பர்லியார் தாண்டியதும் இழுவை போய்விட்டது, லிம்ப் மோடு, அதாவது கோளாறைக் கண்டு ஈசிஎம்மே இழுவையைக் குறைத்துவிடுவது. கொண்டுபோன பட்டறையில் டிபிஎஃப்பைக் கழுவினார்கள். ஒன்றரை மாதத்தில் திரும்பவும் அதே லைட், திரும்பவும் கழுவினார்கள், இரண்டு தடவையும் முழுக்காசு. மூன்றாவது தடவை வீட்டு வாசலிலேயே டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. என்ஜின் ஆயில் அளவு ஓட ஓடக் குறையலாம், தானாக ஏறாது. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டேன், நடுவில் கருப்பாக நிற்காமல் தண்ணீர் மாதிரி ஓடி, சுற்றிலும் வெளிறின வளையம் விட்டது, முகர்ந்தால் டீசல் வாசனை. முடியாத ரீஜென் ஒவ்வொன்றும் கொஞ்சம் டீசலை ஆயிலுக்குள் இறக்கியிருக்கிறது. இத்தனை ரீஜென் ஏன் வந்தது என்று தேடினால், இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் மறைக்கிற இடத்தில் ஒரு விரல்நீள வெடிப்பு. ஹோஸையும் ஆயிலையும் மாற்றினோம். அதே டிபிஎஃப் இன்றுவரை ஓடுகிறது.

அன்றைக்குப் புதுசு வாங்கியிருந்தால் அதுவும் ஆறு மாதத்தில் அடைத்திருக்கும்.

## வண்டிக் கம்பெனி இதைச் செய்வதில்லை

இது தெரியாததால்தான் நிறையப் பேர் தேவைக்கு மேல் காசு கொடுக்கிறார்கள், அல்லது போலியில் போய் மாட்டுகிறார்கள். வண்டியின் முகப்பில் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சாமானைச் செய்தவர் பெயர் வேறு. இன்ஜெக்டரும் ஹைபிரஷர் பம்பும் பாஷ், டெல்ஃபி, டென்சோ போன்றவர்கள் செய்வது. டர்போவுக்கு போர்க்வார்னர், நம் சென்னையின் டர்போ எனர்ஜி போன்றவர்கள். இஜிஆர் வால்வுக்கு பியர்பர்க், வாலியோ, போர்க்வார்னர். பிஸ்டனுக்கு சென்னை இந்தியா பிஸ்டன்ஸ், வால்வுக்கு ரானே என்று அந்தக் காலத்திலிருந்தே நம் ஊர்ப் பெயர்கள் உண்டு.

டிபிஎஃப்பையும் கேட்டலிடிக் கன்வெர்டரையும் ஒரே ஆள் செய்வதுகூடக் கிடையாது. தேன்கூடு செராமிக்கைச் சுட்டுத் தருவது கார்னிங், என்ஜிகே மாதிரி கம்பெனிகள். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கலந்த பூச்சைப் பூசுவது ஜான்சன் மாத்தி, உமிகோர், பிஏஎஸ்எஃப் மாதிரி ஆட்கள். அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் மெத்தை வைத்து, ஸ்டீல் கூட்டுக்குள் இறுக்கி, சென்சார் பிடிப்புகளை வெல்டு வைத்து, புகைக்குழாயோடு முழு லைனாகக் கட்டித் தருவது டென்னகோ, ஃபோரேசியா, ஷர்தா மோட்டார் போன்றவர்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வண்டிக் கம்பெனியின் லோகோ விழுகிறது.

அதனால் ஒரே ஆலையின் சாமான் சந்தைக்கு இரண்டு பெட்டியில் வரும். வண்டிக் கம்பெனி பெயர் போட்ட பெட்டி ஒன்று, செய்தவரின் சொந்தப் பெட்டி ஒன்று. மூன்றாவதாக, இந்த இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத யாரோ அளவெடுத்துச் செய்த நகல்.

இந்தத் துல்லியம் எதற்கு என்றால், 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பிஎஸ்6 விதியில் டீசல் காரின் துகள் அளவு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமுக்கு இறங்கியது. நைட்ரஜன் ஆக்சைடு 250-லிருந்து 80-க்கு. 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்டத்தில், ஆய்வுக்கூடத்தில் மட்டுமில்லாமல் ரோட்டில் ஓடும்போதும் அளவு நிற்க வேண்டும் என்றார்கள், அதோடு வண்டியே தன் புகைச் சாமான்களைக் கண்காணிப்பதும் கடுமையாகிவிட்டது. பழைய வண்டியில் சுமாரான சாமான் போட்டாலும் ஓடும். இப்போது ஈசிஎம் கண்டுபிடித்து லைட் போட்டுவிடும்.

## ஒன்று: ஷோரூம் பெட்டி

வாரண்டிக்குள் இருக்கிற வண்டி என்றால் இதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். வெளியே ஒரு தடவை கழற்றிவிட்டால் அப்புறம் வாரண்டி கேட்கிற இடத்தில் வாய் திறக்க முடியாது.

வாரண்டி முடிந்த பிறகு கணக்கு மாறுகிறது. பொருத்தம், ஸ்கேனர் வேலை, பில் எல்லாம் சுத்தமாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. மறைந்திருக்கும் செலவு இரண்டு. மலையில் இருக்கிற சர்வீஸ் சென்டரில் டிபிஎஃப் மாதிரி சாமான் ஸ்டாக்கில் இருப்பது அரிது, ஆர்டர் போட்டுத்தான் வரும். ஒரு நாள் ஓட்டம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு நாள் நின்றால் 12,000 ரூபாய், அது பில்லில் வராது, உங்கள் வீட்டுச் செலவில்தான் வரும். ஆகவே விலை கேட்கும்போதே எத்தனை நாளில் வரும் என்பதையும் கேளுங்கள். இரண்டாவது, சின்னப் பாகமாக மாற்றக்கூடியதை முழு அசெம்பிளியாக மாற்றச் சொல்வார்கள். டிபிஎஃப்பின் முன்பின் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சாரோ, அதற்குப் போகும் ரப்பர் குழாயோ போயிருந்தாலும் டிபிஎஃப் அடைப்பு என்றே லைட் எரியும். சென்சாரைத் தனியாகச் சோதித்தீர்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

## இரண்டு: தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டி

வாரண்டி முடிந்த மலை வண்டிக்கு என்னுடைய முதல் தேர்வு இதுதான். இஜிஆர் வால்வு, சென்சார், இன்ஜெக்டர், டர்போ இந்த நாலிலும் ஷோரூம் சாமானுக்கு இணையானது பெரும்பாலும் குறைந்த விலையில் கிடைக்கும், கோயம்புத்தூரிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்துவிடும். டிபிஎஃப் முழு யூனிட்டுக்கு எல்லா மாடலுக்கும் இந்தப் பெட்டி கிடைப்பதில்லை, அதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வண்டிக் கம்பெனியின் நம்பர் ஒன்றும், செய்தவரின் பெயரும் அவர் நம்பரும் தனியாகவும் அதில் பொறித்திருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்து, செய்தவரின் நம்பரைச் சொல்லிக் கடையில் கேளுங்கள். மாடல் பெயரும் வருடமும் மட்டும் சொன்னால் கவுண்டரில் இருக்கும் பையன் கைக்குக் கிடைத்ததைத் தருவான். நானே அந்தக் கவுண்டரில் நின்றவன், நம்பரோடு வருகிறவரிடம் மாற்றுச் சாமானை நீட்ட யாரும் துணிவதில்லை.

இதில் மறைந்திருப்பது போலிப் பெட்டி. நல்ல பெயருக்குத்தான் போலி வரும். பல தயாரிப்பாளர்கள் பெட்டியில் க்யூஆர் கோடோ ஹாலோகிராமோ வைக்கிறார்கள், கடையிலேயே நின்று சோதியுங்கள். பில்லில் பார்ட் நம்பர் எழுதி ஜிஎஸ்டியோடு தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்தக் கடை வேண்டாம்.

இன்னொன்று, மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. புது இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் கோடு நம்பரை (code) ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும். இஜிஆர் வால்வின் திறப்பு மூடலை ஈசிஎம்முக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். புது டிபிஎஃப் போட்டால் பழைய கரி, சாம்பல் கணக்கை அழித்துப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலியாக இருக்கிற டிபிஎஃப்பை நிரம்பியதாக நினைத்துக்கொண்டு அது ரீஜென் அடித்துக்கொண்டே இருக்கும். இதைச் செய்கிற ஸ்கேனர் உங்கள் மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். கோடு படிக்கிற ஸ்கேனர் எல்லோரிடமும் உண்டு, எழுதுகிற ஸ்கேனர் சிலரிடம்தான்.

## மூன்று: பெயர் தெரியாத லோக்கல் சாமான்

பாதி விலை, சிலசமயம் அதற்கும் கீழே. ஹோஸ், கிளாம்ப், பிராக்கெட், வெப்பத் தடுப்புத் தகடு இதெல்லாம் தரமான லோக்கல் வாங்கலாம், நானும் வாங்குகிறேன். சைலன்சரின் பின்பக்க டப்பாவும் சரிதான். ஆனால் பூச்சு இருக்கிற சாமானில் மட்டும் வேண்டாம். காசு இருப்பது அந்தப் பூச்சில்தான், பூச்சு கண்ணுக்குத் தெரியாது, எனவே குறைக்கிறவன் அங்கேதான் குறைப்பான்.

கடையில் ஒரு தடவை இரண்டு கேட்டலிடிக் கன்வெர்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நல்லதில் தேன்கூட்டுக்கும் ஸ்டீல் கூட்டுக்கும் நடுவே மெத்தை இடைவெளி விடாமல் சுற்றி வந்திருந்தது, கையில் எடுத்துக் குலுக்கினால் சத்தமே இல்லை. நகலில் ஒரு பக்கம் மெத்தை பிதுங்கியும் மறுபக்கம் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளியுமாக இருந்தது, குலுக்கினால் உள்ளே லேசாக டொக் டொக் என்றது. அந்த இடைவெளி வழியாகப் புகை வடிகட்டியைத் தொடாமலே ஓடிவிடும். கொண்டை ஊசி வளைவும் குழியுமாக நாள் முழுக்க ஆடுகிற வண்டியில் தேன்கூடு கொஞ்ச நாளில் நொறுங்கி, துண்டு பின்னால் போய் அடைத்துக்கொள்ளும்.

லோக்கல் இஜிஆர் வால்வில் மோட்டாரும் சென்சாரும் எப்போது வேண்டுமானாலும் தடுமாறும். கீழே தட்டையான ரோட்டில் தடுமாறினால் ஓரங்கட்டலாம், கல்லட்டி ஏற்றத்தில் லோடோடு இழுவை போனால் நிலைமையே வேறு.

பழைய சாமானை விடாதீர்கள், இது முக்கியம். கேட்டலிடிக் கன்வெர்டரிலும் பூச்சுள்ள டிபிஎஃப்பிலும் விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது, ஸ்கிராப்புக்கே நல்ல விலை உண்டு. "பழசை நாங்களே பாத்துக்கிறோம்ணே" என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். பழசுக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

## நாலு: கழுவி மாட்டுவது, ரீகண்டிஷன்

இது சரியான இடத்தில் செய்தால் மிகவும் நல்ல வழி. ஆனால் கழுவுவது என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதமான வேலை ஒளிந்திருக்கிறது. கெமிக்கலை ஊற்றி வண்டியிலேயே சுத்தம் செய்வது ஒன்று, லேசான கரிக்கு மட்டும் உதவும். கழற்றி, பின்பக்கத்திலிருந்து தண்ணீரும் காற்றும் அளவான அழுத்தத்தில் அடிப்பது இரண்டு. அடுப்பில் வைத்துக் கரியைச் சுட்டு, காற்றால் சாம்பலை வெளியேற்றி, முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து தருவது மூன்று. மூன்றாவதுதான் முழுமையானது, அதற்கு மெஷின் வேண்டும், அது பெரும்பாலும் கீழே கோயம்புத்தூர் மாதிரி ஊரில்தான் கிடைக்கும். கார் கழுவுகிற பிரஷர் கன்னை நேராக உள்ளே வைத்து அடிக்கிற பட்டறையில் கொடுக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் சுவர் உடைந்துவிடும்.

கரியும் சாம்பலும் வேறு வேறு. கரியை ரீஜென் எரிக்கும். சாம்பல் என்ஜின் ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மானங்களிலிருந்து வருவது, அது எரியவே எரியாது, வருடக்கணக்கில் கண்களின் அடியில் படிந்துகொண்டே போகும். நிறைய ஓடிய வண்டி, ஆயில் சரியாகப் போட்டிருக்கிறது, திடீரென்று இல்லாமல் மெல்ல மெல்ல ரீஜென் அடிக்கடி வர ஆரம்பித்தது என்றால் அது சாம்பல் அடைப்பு, கழுவினால் புதுசு மாதிரி ஓடும். ஓட்டம் குறைவு, ஆனாலும் அடைத்துக்கொண்டது என்றால் வேறு எங்கோ கோளாறு, கழுவுவது வீண். தேன்கூடு உருகியோ வெடித்தோ இருந்தாலும் கழுவிப் பயனில்லை. வெளியே வரும் குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நல்ல டிபிஎஃப் என்றால் துணி கிட்டத்தட்ட சுத்தமாகவே வரும், கருப்பாக வந்தால் உள்ளே சுவர் உடைந்திருக்கிறது.

ரீகண்டிஷன் டர்போவுக்கு ஒரே ஒரு கேள்வி: அதிவேக பேலன்ஸிங் செய்தீர்களா, அதன் ரிப்போர்ட் எங்கே? நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான் அது, மேலே இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. கையால் சுற்றிப் பார்த்து ஆடவில்லை என்று கொடுப்பவரிடம் வாங்கினால் ஆயில் கசிந்து டிபிஎஃப்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

## ஐந்து: கழற்றி வீசிவிட்டு மேப் மாற்றுவது

இதற்கு நான் யாருக்கும் ஆதரவு சொல்ல மாட்டேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகை அளவை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்சும் போகும். மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு வருடாவருடமும் எஃப்சி உண்டு, ஒவ்வொரு தடவையும் இந்தப் பயத்தோடே நிற்க வேண்டும். வண்டியை விற்கப்போனால் விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டார். சர்வீஸ் சென்டரில் என்றைக்காவது சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் பழைய மேப் திரும்பி வந்து வண்டி அங்கேயே முடங்கும். திரும்பவும் எல்லாம் மாட்ட வேண்டுமென்றால் வீசியதைப் புதுசாகத்தான் வாங்க வேண்டும்.

இதெல்லாம் காசுக் கணக்கு. குளிர்காலக் காலையில் கேத்திப் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் எழும்பாமல் அப்படியே படுத்துக் கிடக்கும், அதற்குள் விட்ட புகையும் எழும்பாது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் ரோட்டோரமாக நடந்து பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். வடிகட்டி இல்லாத டீசல் வண்டி மேட்டில் லோடோடு விடுகிற கரியை அவர்கள் மூச்சில் இழுக்கிறார்கள். என் வண்டியின் பின்னால் என் பிள்ளை நிற்பதாக நினைத்துத்தான் நான் முடிவெடுக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | பில் தொகை | வெளியே தெரியாத செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| ஷோரூம் பெட்டி | மிக அதிகம் | வண்டி நிற்கும் நாட்கள், முழு அசெம்பிளி | வாரண்டிக்குள், அல்லது டிபிஎஃப்புக்கு வேறு பெட்டி இல்லாதபோது |
| தயாரிப்பாளர் பெட்டி | நடுத்தரம் | கோடு ஏற்றும் ஸ்கேனர் வேலை, போலி அபாயம் | வாரண்டி முடிந்தபின் இஜிஆர், சென்சார், இன்ஜெக்டர், டர்போ |
| லோக்கல் | குறைவு | திரும்பத் திரும்ப வேலைக்கூலி, நடுவழியில் நிற்பது | ஹோஸ், கிளாம்ப், தகடு, பின் சைலன்சர் மட்டும் |
| கழுவுவது | குறைவு | மூல காரணம் தீராவிட்டால் மறுபடியும் அதே செலவு | நிறைய ஓடிய வண்டி, தேன்கூடு நல்ல நிலையில் |
| கழற்றி வீசுவது | முதலில் குறைவு | அபராதம், எஃப்சி, விற்பனை விலை | எப்போதும் இல்லை |

## எந்தப் பெட்டி வாங்கினாலும் கூட வருபவை

ஆயில்தான் முதலில். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும், டப்பாவில் சி3 அல்லது சிகே-4 மாதிரி தரம் போட்டிருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பது ஓனர் புத்தகத்தில் இருக்கிறது. பழைய ஜீப்புக்கு ஊற்றுகிற அதே பேரல் ஆயிலைப் பிஎஸ்6 வண்டிக்கும் ஊற்றினால், எந்தக் கம்பெனி டிபிஎஃப் வாங்கினாலும் அது சீக்கிரமே சாம்பலால் நிரம்பும்.

புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா திரவம் ஊற்றுகிற வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் ஒவ்வொரு தோட்டத்துக் குடோனிலும் உர யூரியா மூட்டை இருக்கிறது, அதைத் தண்ணீரில் கரைத்து டேங்கில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டிக்கான திரவத்தில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். உர யூரியாவில் இருக்கும் கசடும் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் ஊசித்துளையில் வெள்ளைக் கல்லாக உறைந்து, அந்தத் திரவத்தோடு சேர்ந்து வேலை செய்யும் விலை கூடின கேட்டலிஸ்ட்டையே கெடுத்துவிடும். உறைபனியைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்தத் திரவம் மைனஸ் 11 டிகிரியில்தான் உறையும், ஊட்டிக் குளிர் அதைத் தொடாது.

பிப்ரவரி, மார்ச்சில் ரீஜென் ஓடிக்கொண்டிருக்கும்போது காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். 600 டிகிரிச் சூட்டோடு இருக்கும் குழாய் அது, நம் காட்டுக்கு அந்த மாதங்களில் ஒரு பொறி போதும்.

## கேட்ட நாலு பேருக்கும்

கேரட் அண்ணன் வண்டி நிறைய ஓடியது, ரீஜென் மெல்ல மெல்லக் கூடியிருக்கிறது, குழாயின் உட்பக்கம் சுத்தம். அவருக்குக் கழுவுவதுதான். மேட்டுப்பாளையம் வரை எப்படியும் இறங்குகிறார், இன்னும் ஒரு மணி நேரம் போய் அடுப்பில் சுட்டுத் தருகிற இடத்தில் கொடுத்து அழுத்த ரிப்போர்ட்டோடு வாங்கிக்கொள்ளட்டும். காலியாக ஏறும்போது ரீஜென் ஓடினால் பர்லியார் டீக்கடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஏறிவிடுங்கள் என்றும் சொன்னேன்.

டாக்ஸிக்காரர்களில் ஒருவருக்கு வாரண்டி இன்னும் இருக்கிறது, அவர் நேராக ஷோரூம். இன்னொருவருடையது பெட்ரோல் கார், கேட்டலிடிக் கன்வெர்டர் உருகியிருக்கிறது. முன்னாலேயே ஒரு சிலிண்டர் மிஸ் ஆகி ஓடியதைச் சொன்னார். எரியாத பெட்ரோல் பின்னால் போய் கன்வெர்டருக்குள் எரிந்திருக்கிறது. முதலில் பிளக்கும் காயிலும், அப்புறம்தான் கன்வெர்டர், அதுவும் தயாரிப்பாளர் பெட்டியில் கிடைத்தால் மட்டும், இல்லாவிட்டால் ஷோரூம்.

பச்சைத்தேயிலைக்காரரின் வண்டி இன்னும் பட்டறையில் நிற்கிறது. ஓட்டம் குறைவு, ஆனாலும் முழுசாக அடைத்திருக்கிறது, புது டிபிஎஃப்புக்கு முன்பணம் கேட்டிருக்கிறார்கள். நாளைக் காலை நானும் கோத்தகிரி போகிறேன். டிப்ஸ்டிக், இன்டர்கூலர் ஹோஸ், அழுத்த சென்சாரின் ரப்பர் குழாய், இந்த மூன்றையும் பார்த்து முடிக்கிற வரைக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.